மூலம்தான் என்று முடிவு கட்டும் முன்: குடல் பாலிப்பைத் தெரிந்துகொள்வோம்

காவிரி டெல்டாவில் மலத்தோடு ரத்தம் போகிறது என்று யாராவது வாய் திறந்து சொன்னால், வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் முதல் பதில் "மூலமா இருக்கும்". அடுத்த பதில் "உடம்பு சூடு, வேற ஒண்ணுமில்ல". பிறகு துத்தி இலையை வதக்கிக் கொடுப்பார்கள், கருணைக்கிழங்கு லேகியம் வாங்கி வருவார்கள், காரத்தைக் குறைத்து மோரைக் கூட்டுவார்கள். நாலைந்து நாளில் ரத்தம் நின்றுவிடும். அத்தோடு விஷயம் மறந்துபோகும்.

பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடலுக்குள் வளரும் பாலிப் என்ற சதை வளர்ச்சியிலிருந்தும் ரத்தம் இப்படித்தான் வரும், இப்படித்தான் தானாக நிற்கும். எந்த மருந்தும் சாப்பிடாவிட்டாலும் நிற்கும். நின்றதைப் பார்த்துவிட்டு, லேகியம் கேட்டுவிட்டது, ஆகவே மூலம்தான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ரத்தம் இப்போது வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் உள்ளே பார்க்கவில்லை.

பாலிப் விஷயத்தில் இந்த "யாரும் பார்க்கவில்லை" என்பதுதான் பெரிய இடைவெளி. மூலம் இருப்பது உறுதியான ஆளுக்கும் மேலே குடலில் பாலிப் இருக்கலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது.

பாலிப் என்றால் என்ன?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அடிவயிற்றின் வலது பக்கம் தொடங்கி, மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கமாக இறங்கி ஆசனவாயில் முடிகிறது. அதன் உட்சுவரில் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து, புதியவை அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஓயாமல் நடக்கும் இந்தப் பிரிவில் எங்கோ ஓரிடத்தில் மரபணுவில் பிழை விழுகிறது. நிற்க வேண்டிய கட்டத்தில் நிற்காமல் அங்கே மட்டும் செல்கள் பெருகிக் குவிகின்றன. அந்தக் குவியல்தான் பாலிப். சில, காளான் மாதிரி காம்போடு நிற்கும். சில, சுவரோடு ஒட்டித் தட்டையாகப் படர்ந்திருக்கும். தட்டையானவைதான் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாதவை.

எல்லா பாலிப்பும் ஒன்றல்ல. ஆசனவாய்க்குச் சற்று மேலே சின்னதாக வரும் ஹைப்பர்பிளாஸ்டிக் வகை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வரும் அழற்சி பாலிப்பும் தானாகப் புற்றுநோயாக மாறுவது இல்லை என்றே சொல்லலாம். அவர்களுக்குக் கவலை, நீண்ட நாள் அழற்சியால்தான். டாக்டர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது இரண்டு வகைகளை. ஒன்று, சுரப்பி செல்களிலிருந்து வளரும் அடினோமா. இன்னொன்று, நுண்ணோக்கியில் ரம்பப் பல் போலத் தெரியும் செரேட்டட் வகை. பெருங்குடல் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதோ ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அடினோமாக்களில் பெரும்பாலானவை கடைசி வரை புற்றுநோயாக மாறுவதே இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் தென்பட்டதை எடுத்துவிடுகிறார்கள். பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வளர்ந்தவற்றில் அபாயம் கூடுகிறது. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பதில் மிகக் குறைவு.

பத்து வருட அவகாசம்

இந்த நோயில் மனதுக்கு ஆறுதலான செய்தி, அதன் வேகம். சின்ன அடினோமா ஒன்று புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகிறது. ஒரே ஒரு மரபணுப் பிழை போதாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பிழைகள் சேர வேண்டும். எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் 1990-இல் இந்தப் படிநிலைகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். இவ்வளவு நீண்ட முன்னறிவிப்புக் காலம் வேறு பல புற்றுநோய்களில் நமக்குக் கிடைப்பதில்லை.

அந்தக் காலத்துக்குள் பாலிப்பைப் பார்த்து எடுத்துவிட்டால், வர இருந்த புற்றுநோயே வராமல் போகிறது. ஒரு காலத்தில் இதற்கு வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1969-இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃபுடன் சேர்ந்து, ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கு ஒன்றை உள்ளே அனுப்பி, பாலிப்பின் காம்பைச் சுருக்கி, மின்சாரத்தால் அறுத்து எடுக்கும் முறையைத் தொடங்கினார். இன்றும் அடிப்படை அதுதான். அமெரிக்காவில் நடந்த தேசிய பாலிப் ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. அடினோமா எடுக்கப்பட்டவர்களுக்கு, எடுக்காமல் விட்டிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 76 முதல் 90 சதவீதம் குறைவாகவே பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பாலிப்புகள் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. வலிக்காது, எரியாது, பசி குறையாது. கீழே சொல்லும் அறிகுறிகள் வந்தால் அலட்சியம் கூடாது. ஆனால் அறிகுறி இல்லாததால் பாலிப் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அறிகுறி காட்டும்போது பெரும்பாலும் அது ரத்தமாக இருக்கும். பாலிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ரத்தத்தின் தோற்றம் மாறும். இடது பக்கக் குடலும் மலக்குடலும் ஆசனவாய்க்குப் பக்கம். அங்கே மலம் இறுகி வருகிறது. உரசும்போது கசியும் ரத்தம் சிவப்பாகவே வெளியே வரும். மலத்தின் மேல் கோடு போட்ட மாதிரியோ, மலத்தோடு கலந்தோ இருக்கும். மலம் கழித்து முடித்த பிறகு சொட்டுச் சொட்டாக, பளிச்சென்ற சிவப்பில் விழுவது மூலத்துக்குரிய பழக்கமான தோற்றம். கலந்து வருவதும், கருஞ்சிவப்பாக வருவதும் இன்னும் மேலேயிருந்து வருகிறது என்பதற்கான குறிப்பு. இந்த வித்தியாசத்தை வைத்து நீங்களே நோயை முடிவு செய்ய வேண்டாம். டாக்டரிடம் விவரமாகச் சொல்ல மட்டும் இது உதவும்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும். வாய்க்கால் கரைக்கும் வயல்வெளிக்கும் போய்ப் பழகிய தலைமுறைக்கு மலத்தைத் திரும்பிப் பார்க்கும் வழக்கமே கிடையாது. இப்போது வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் முன் ஒரு தடவை பார்ப்பதில் அருவருப்பு எதுவும் வேண்டாம். முந்தின நாள் பீட்ரூட்டோ சிவப்புத் தண்டுக்கீரையோ சாப்பிட்டிருந்தால் நிறம் சிவந்து வரலாம். அது மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியாகிவிடும்.

வலது பக்கக் குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் கூழாகத்தான் இருக்கிறது. அங்கே பாலிப்பிலிருந்து ரத்தம் கசிந்தால் மலத்தோடு கரைந்து கலந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் துளித்துளியாகப் போய்க்கொண்டிருக்கும். அது வெளியே தெரிவது ரத்தசோகையாகத்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆகிவிட்டது. இந்த வருடம் வரப்பில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பத்துக்கு ஏறுகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில மாதத்தில் மறுபடி எட்டு. "வயசாகுது, சாப்பாடு பத்தல, முருங்கைக்கீரை சேத்துக்க" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மாத்திரை கொடுத்தது தவறில்லை. ஆனால் இரும்பு எங்கே போகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து குறைய நேரடியான காரணம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் அந்தக் காரணம் இல்லை. அவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்று வந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் உள்ளே பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. வெறுங்காலோடு சேற்றில் வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ரத்தசோகை கொடுக்கும். அதற்கும் பரிசோதனை உண்டு, மாத்திரை உண்டு. புழுவுக்கு மருந்து சாப்பிட்ட பிறகும் ரத்தம் குறைந்துகொண்டே போனால் அதோடு நிறுத்தக் கூடாது. இன்னொன்று: இரும்பு மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும். மாத்திரை சாப்பிடாத ஒருவருக்குத் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் அது இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிவதன் அடையாளம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமாகக் காலையில் ஒரு தடவை போகிறவருக்கு மூன்று நான்கு வாரமாகத் தொடர்ந்து மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ இருப்பது. மலம் மெலிந்து வருவது. போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருக்கிற உணர்வு. சளி மாதிரி வழவழப்பாக நிறையப் போவது. மலக்குடலில் வளரும் ஒரு வகைப் பெரிய அடினோமா இந்தச் சளியோடு பொட்டாசியம் உப்பையும் வெளியேற்றி ஆளையே தள்ளாட வைக்கும். அரிதுதான், ஆனால் வயதானவர்களுக்குத் தீராத சளிப்போக்கு இருந்தால் இதையும் நினைக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுகூடப் பிரியாமல் போனாலோ, ரத்தம் நிறையப் போய் மயக்கம் வந்தாலோ அது அவசரம். காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டிலிருந்து பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு வலியே இல்லாமல் மலத்தோடு ரத்தம் வந்தால், சிறுவர் பாலிப் என்ற வகையாக இருக்கலாம். சில நேரம் அது ஆசனவாய்க்கு வெளியே செக்கச்செவேலென்று எட்டிப் பார்த்து அம்மாவைப் பதற வைக்கும். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், புற்றுநோய் இல்லை, எடுத்துவிட்டால் தீர்ந்தது. குழந்தைக்கு "சூடு" என்று சொல்லிப் பல மாதம் ரத்தம் போகவிட்டு வெளிறிப்போக வைக்க வேண்டாம்.

அறிகுறி வரும் முன்னே பார்ப்பது

அமெரிக்க மருத்துவ அமைப்புகள், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் 45 வயதிலிருந்தே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கின்றன. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-இல் அந்த வயதை 50-லிருந்து குறைத்தது. இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. அதனால் நம் அரசுத் திட்டத்தில் ஊர் ஊராகப் பரிசோதிப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான். குடலுக்கு யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. நாமேதான் கேட்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் கொலோனோஸ்கோப்பி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தில் நோய் இருந்தவர்கள், சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்கள், புகையும் மதுவும் பழகியவர்கள், நீண்ட காலக் குடல் அழற்சி உள்ளவர்கள் 45 வயதை ஒட்டி டாக்டரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

குடும்பம் என்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "தாத்தா எதுல போனாரு?" என்று கேட்டால் "வயித்துல கட்டி வந்து" என்றுதான் பல வீடுகளில் பதில் வரும். எந்தக் கட்டி, எத்தனை வயதில் என்று விசாரித்து வையுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோயோ பெரிய அடினோமாவோ வந்திருந்தால், நீங்கள் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தி வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 46-இல் வந்தது என்றால் தம்பிக்கு 36.

இன்னும் அரிதாக, சில குடும்பங்களில் பாலிப் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரும். ஏபிசி என்ற மரபணுவில் கோளாறு பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பதின்ம வயதிலேயே பாலிப் முளைக்கத் தொடங்கும், கவனிக்காமல் விட்டால் நாற்பது வயதுக்குள் ஏறத்தாழ எல்லோருக்கும் புற்றுநோயாகிவிடும். மியூட்டிஒய்ஹெச் என்ற இன்னொரு மரபணுவின் கோளாறு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் இப்படி இரு பக்கமிருந்தும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்துக்குள் கல்யாணமாகி, இளம் வயதிலேயே குடல் புற்றுநோய் கண்ட வீடு என்றால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பரிசோதனைகளில் எளியது மலப் பரிசோதனை. ஃபிட் எனப்படுவது மனித ரத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும் என்பதால் சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. வருடம் ஒரு முறை செய்யலாம். நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை: சூட்டில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து, இருப்பதை இல்லை என்று காட்டிவிடலாம். சித்திரை வெயிலில் பேருந்தில் அரை நாள் வைத்திருந்து கொடுக்காதீர்கள். எடுத்தவுடன் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். பாசிட்டிவ் வந்தால் "மறுபடி ஒரு தடவை பார்ப்போம்" என்று திரும்பச் செய்வதில் பயனில்லை. அடுத்த படி கொலோனோஸ்கோப்பிதான். ஏற்கெனவே ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் இந்த மலப் பரிசோதனையில் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பதும், சின்னக் குழாய் வைத்துப் பார்ப்பதும் முக்கியம்தான். ஆனால் அவற்றில் தெரிவது கடைசிச் சில அங்குலம் மட்டுமே. பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பவுத்திரம், நிரந்தரத் தீர்வு" என்று ஒட்டியிருக்கும் இடங்களில் அந்த அளவுகூடப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்புவதுண்டு. நாற்பத்தைந்து வயது கடந்தவர் ரத்தம் போகிறது என்று அங்கே போய் நிற்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது

பரிசோதனையைவிட முந்தின நாள்தான் சிரமம். ஒரு சில நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, தோலோடு பயறு இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். வெறும் வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம் போதும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய சூப், பால் விடாத டீ, காபி. கும்பகோணத்து டிகிரி காபி ஒரு நாள் காத்திருக்கட்டும். பிறகு பேதி மருந்துக் கரைசலை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனை நாள் காலையிலும் பிரித்துக் குடிப்பது நன்றாகச் சுத்தம் செய்யும். கடைசியில் மஞ்சள் தண்ணீராக மட்டும் போக வேண்டும். இதில் அரைகுறையாக நிறுத்திவிட்டால் தட்டையான பாலிப் மலத்துக்கு அடியில் மறைந்துபோகும். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், சிறுநீரகக் கோளாறு இவை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உள்ளே போவது வளையக்கூடிய மெல்லிய குழாய், நுனியில் கேமரா. மயக்க ஊசி போடுவதால் பலருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம். குடலில் ஓட்டை விழும் அபாயம், பரிசோதனை மட்டும் செய்யும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடும். எடுத்த பிறகு இரண்டு வாரம் வரை எப்போதாவது ரத்தம் கசியலாம், அப்படி வந்தால் உடனே போய்க் காட்ட வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். கூச்சத்தால் தள்ளிப்போடும் பெண்கள் நிறைய. பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

நம் பக்கத்தில் 1958-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே வெளிநோயாளி சீட்டுப் போட்டு, குடல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், எது அடங்கும் என்று காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். டாக்டரிடம் "மூலம் இருக்கு, மருந்து கொடுங்க" என்று தொடங்காதீர்கள். "எத்தனை நாளா ரத்தம் போகுது, எப்படிப் போகுது, வீட்டுல யாருக்கு இருந்தது" என்று சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.

எடுத்த பிறகு

பாலிப்பை எடுத்தால் அதைப் பயாப்சிக்கு, அதாவது நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்புவார்கள். அந்த அறிக்கை வர சில நாள் ஆகும். ஊர் திரும்பிய பிறகு அதை வாங்கப் போகாமலேயே விட்டுவிடுவது பலருடைய பழக்கம். அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ சின்ன அடினோமா என்றால் ஏழு முதல் பத்து வருடம் கழித்துப் போதும். மூன்று நான்கு இருந்தால் மூன்றிலிருந்து ஐந்து வருடம். ஐந்து முதல் பத்து வரை இருந்தாலோ, ஒன்று பத்து மில்லிமீட்டரைத் தொட்டிருந்தாலோ, செல்களின் மாற்றம் தீவிரமாக இருந்தாலோ மூன்று வருடம். ஹைப்பர்பிளாஸ்டிக் என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். புகையை விடுவது, மதுவைக் குறைப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்ப்பது, காய்கறியும் பயறும் கூட்டிக்கொள்வது எல்லாம் புதிதாக வரும் வாய்ப்பைக் குறைக்கும். ஏற்கெனவே இருப்பதை எந்த உணவும் கரைக்காது.

அறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையும் பட்டாவும் இருக்கும் பையிலேயே வையுங்கள். அதில் பெரிய அடினோமா என்று எழுதியிருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு நகல் கொடுத்து, அவர்கள் எந்த வயதில் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.